நாற்பதாம் பக்கம்

பகாவில் பழைய தாள் கடை வைத்திருக்கும்
ஆ சூனுக்குத் தமிழ் தெரியாது.
கிலோ இரண்டு வெள்ளி.
அட்டையில் கத்தி இருந்தால் ஐம்பது காசு கூடுதல்.
"எதை முதலில் படிக்கலாம், தவுக்கே?" என்றேன்.
தராசைக் காட்டினார்.

செம்பனை ஆலையில் எனக்கு இரவு வேலை.
லோரி ஏறும் எடைமேடை, ஒரு கண்ணாடிச் சன்னல், ஓர் எண் பலகை.
பழத்தோடு வரும்போது ஒரு நிறை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு நிறை,
கழித்தால் மிஞ்சுவது கம்பெனிக்கு.
இரண்டு லோரிகளுக்கு நடுவே
தூக்கம் வந்து கழுத்தைப் பிடிக்கும்.
அதை விரட்டத்தான் எனக்கொரு கொலை வேண்டியிருந்தது.

தடித்ததாய் எடு, இரண்டு வாரம் ஓடும்
என்றாள் கணக்குப் பிரிவு மங்களேஸ்வரி.
கடைசிப் பக்கம் இருக்கிறதா பார்த்து வாங்கு
என்றார் போர்மேன் அந்தோணிசாமி.
பட்டவர்.
மாடிப்படியில் மருமகளைத் தள்ளியது யாரென்று
பதினெட்டு வருடமாய் அவருக்குத் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு ஐந்து எடுத்தேன்.
ஒன்றேகால் கிலோ.

முதல் புத்தகம், நாற்பதாம் பக்க ஓரம், பென்சிலில்:
"டாக்டர்தான். 17/7."
ஏழுகளுக்கு இடுப்பில் கயிறு கட்டியதுபோல் ஒரு கோடு.
டாக்டரேதான்.
மிச்ச நூற்றறுபது பக்கத்தையும்
தெரிந்த ஊருக்குப் பஸ்ஸில் போவதுபோல் கடந்தேன்.

இரண்டாவதிலும் நாற்பதில்:
"தம்பி. கையில் சேறு ஏன்?"
தம்பியேதான்.

மூன்றாவதில் அந்தப் பக்கத்தைக் கிளிப் போட்டு மூடினேன்.
அடுத்த லோரி வருவதற்குள் பிரித்துவிட்டேன்.
"வக்கீல்."
வக்கீல் இல்லை.
விடியும்வரை நானும் வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தேன்;
கொன்றவள் பக்கத்தில் நின்று
எல்லாருக்கும் தேநீர் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
கடைசிப் பக்கத்தின் அடியில் அதே பென்சில்:
"சே."
ஒரே எழுத்து.
அழுத்திய அழுத்தில் தாளின் மறுபுறம் புடைத்திருந்தது.

அதற்குப் பிறகு ஆ சூன் கடையில் குந்தி உட்கார்ந்து
நான் யாரையும் எதையும் கேட்பதில்லை.
கடைசிப் பக்கத்தைப் படிக்காமல்
பின்புறம் விரலால் தடவுவேன்.
புடைப்பு இருந்தால் எடுப்பேன்.
புதிதாய்ப் படிக்க வருகிறவர்களுக்கு
என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்:
கெட்டிக்காரர் ஒருவர் தோற்ற இடத்தில் தொடங்குங்கள்.

ஆறு "சே" கிடைத்தன.
ஆறாவதை முடித்த இரவு நல்ல மழை.
சன்னலில் சீட்டை நீட்டினார் குணாளன்.
மூன்று வருடமாய் நீட்டுகிறார்.
அவர் கைப்பட எழுதிய வண்டி எண்ணில் இரண்டு ஏழு.
இரண்டுக்கும் இடுப்புக் கயிறு.

நிமிர்ந்தேன்.
"என்ன, பாரம் கூடவா?" என்றார்.
இல்லை என்று முத்திரை குத்தினேன்.
கேட்கவில்லை.
நாற்பதாம் பக்கத்திலேயே கேட்டுவிட்டால்
மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சிரம்பானுக்குப் போய் முழு விலை கொடுத்து
புதிதாய் ஒன்று வாங்கினேன்.
இரண்டு இரவில் முடித்தேன்.
நாற்பதாம் பக்க ஓரத்தில் நீலப் பேனாவால்
"சமையல்காரர்தான்" என்று எழுதினேன்.
பொய்.
சமையல்காரர் பாவம், எலியைக்கூட அடித்ததில்லை.

பழம் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு
குணாளன் மேடை ஏறியதும்
ரசீதுக்கு அடியில் புத்தகத்தை வைத்து நீட்டினேன்.
எண் பலகை அசையவில்லை.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும்
அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அவர் அட்டையைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
வண்டியும் நகரவில்லை.

பின்னால் நின்ற லோரி ஹார்ன் அடித்தது.
மறுபடியும் அடித்தது.
குணாளன் உள்விளக்கைப் போட்டிருந்தார்.